பொருநைக் கரையில் புனங்காவல்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், பொதிகை மலையின் அடிவாரத்து ஊர் ஒன்றில் நான் வரலாற்று ஆசிரியனாகப் பணியாற்றி வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். அறிவிற் குறைந்தவன் அல்லன். ஆனால் முதற்பாடவேளை தொடங்கிச் சற்று நேரத்திற்குள் அவன் தலை மேசையிற் சாய்ந்துவிடும். ஒரு நாள் சினங்கொண்டு, "ஏலே, எழுந்திரு!" என்று அதட்டி, அவனைச் சுவரோரம் நிற்க வைத்தேன். பாடம் முடிவதற்குள் அவன் சுவரிற் சாய்ந்து, நின்றபடியே உறங்கிப் போனான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மாலையில் அவனைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். "ராத்திரி பன்னிக் காவல், சார்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அந்த வாரமே ஒரு நாள் இரவு அவனுடன் நானும் சென்றேன். தை மாதக் குளிர். மலையை ஒட்டி ஒரு மரவள்ளித் தோட்டம். நான்கு கால்கள் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்த ஒரு பரண். தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலிபோலக் கட்டியிருந்தார்கள். பரணிலிருந்து நீண்ட கயிற்றை இழுத்தால் தோட்டத்தின் மறுகோடியில் ஒரு தகரம் ஒலிக்கும். தந்தையும் மகனும் முறைவைத்து அக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தனர். நள்ளிரவு கடந்தபின், காட்டோரத்தில் உறுமல் கேட்டது. தகரம் ஒலித்தது, உறுமல் நின்றது. கால்மணி நேரங்கழித்து மற்றொரு மூலையில் மீண்டும் கேட்டது. விடியும் வரை இப்படியே. விடிந்து பார்க்கையில், நாங்கள் காவாத மூலையில் இரண்டு பாத்தி அளவுக்கு மண் புரண்டு கிடந்தது, கிழங்குகள் கடித்தெறியப்பட்டிருந்தன.

அன்று காலை வகுப்பில் உறங்கிப் போகாதிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன்பின் அம்மாணவனை நான் எழுப்பியதில்லை.

வரலாறு என்றால் அரசர்களின் வரிசையும் போர்களின் ஆண்டுகளும் என்று நான் அதுவரை கற்பித்து வந்தேன். உழவன் இழந்த உறக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அப்பரண் எனக்குக் கற்பித்தது. காட்டுப்பன்றியிடமிருந்து விளைநிலத்தைக் காக்கும் அந்த நெடிய காவலின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் முன்னோர் இவ்விலங்கை நன்கு அறிந்திருந்தனர். பன்றி, கேழல், ஏனம் எனப் பல பெயர்களால் அதனைக் குறித்தனர். பன்றியின் ஆணை ஏறு என்றும், பெண்ணைப் பிணவு என்றும், குட்டியைக் குருளை என்றும் வழங்கலாம் எனத் தொல்காப்பியத்து மரபியல் வகுத்துரைக்கின்றது. இத்தனை பெயர்கள் ஒரு விலங்குக்கு அமைந்திருப்பது, அது நாள்தோறும் மக்கள் வாழ்வில் குறுக்கிட்டதைக் காட்டும்.

குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் காவல் இரண்டு வகைப்பட்டது. பகலிற் கிளிகளை ஓட்டுவது மகளிர் வேலை. தட்டை, குளிர், தழல் முதலிய கருவிகளைக் கொண்டு ஒலியெழுப்பி அவர்கள் கிளி ஓட்டிய செய்தியைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் காணலாம். இரவில் வரும் யானையையும் பன்றியையும் தடுப்பது ஆடவர் வேலை. நான் கண்ட தகரமும் கயிறும் அந்தத் தட்டையின் பேரப்பிள்ளைகளே. ஈராயிரம் ஆண்டுகளில் மூங்கில் போய்த் தகரம் வந்தது. கண் விழிக்கும் கடமை மட்டும் மாறவில்லை.

பன்றியின் இயல்பைப் பாண்டிய மன்னன் ஒருவனே கூர்ந்து நோக்கியிருக்கிறான். நற்றிணையின் 98ஆம் பாடல் உக்கிரப்பெருவழுதி பாடியது. தினைப்புனத்தின் நுழைவழியில் வந்து நிற்கும் ஒரு பன்றி, பல்லியின் ஒலி கேட்டதும் உள்ளே புகாது மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் கற்குகைக்குத் திரும்பிவிடுகிறது. நிமித்தம் பார்ப்பதாகப் புலவன் அதனைச் சொன்னாலும், அதில் உண்மையொன்று உண்டு. பன்றி மூர்க்கமானது என்று மட்டும் எண்ணுவோர் ஏமாந்து போவர். அது மிகவும் ஐயப்படும் விலங்கு. மோப்பமும் செவிப்புலனும் அதற்குக் கூர்மை. அபாயத்தை ஒரு முறை உணர்ந்த வழியை எளிதில் மறப்பதில்லை.

மற்றொரு பாடல் இதனினும் வியப்புக்குரியது. புறநானூற்றின் 168ஆம் பாடலில், காந்தட் கிழங்குக்காகப் பன்றிகள் கிளையோடு கிண்டிய புழுதியில், குறவர் நல்ல நாள் பார்த்து, உழாமலே தினையை விதைக்கின்றனர். பன்றியே அங்கே ஏர். ஒரே விலங்கு விதைக்கும் பருவத்தில் உழவனுக்குத் துணை. விளையும் பருவத்தில் அவனுக்குப் பகை. காட்டு நிலத்தைக் கிளறி, விதைகள் முளைக்க இடஞ்செய்வது பன்றியின் பணி என்று இன்றைய இயற்கை நூலார் கூறுவதை, நம் குறவர் தம் வயிற்றுப்பாட்டால் அறிந்திருந்தனர்.

ஆயினும் நான் மாணவர்களிடம் மிகுதியாகப் பேசுவது மலைபடுகடாத்தின் ஒரு பகுதியைப் பற்றியே. பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள் கொண்ட இந்நூல், நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிசொல்வதாக அமைந்தது. விளைந்த புனத்தைப் பன்றிகள் அழிப்பதனால், அவை நுழையும் வழிகள்தோறும் பெரிய கற்களைக் கொண்ட பொறிகளை மலைவாணர் அமைத்திருக்கின்றனர். ஆகவே இருளில் அவ்வழியே செல்லாதீர், இரவில் தங்கிப் பொழுது விடிந்தபின் செல்லுங்கள் என்று புலவர் எச்சரிக்கிறார். மாணவர்களே, இதனைச் சிந்தித்துப் பாருங்கள். பன்றிக்கு வைத்த கற்பொறிக்கு, வருவது பன்றியா, பாணனா என்று தெரியாது. அதனால் பொறியின் செய்தி வழிப்போக்கர்க்கு முன்னரே தெரிந்திருந்தது. பாட்டில் ஏறும் அளவுக்கு அது எல்லோரும் அறிந்த செய்தியாக இருந்தது. பயிரைக் காக்கும் உரிமையோடு, பிறர் உயிரைக் காக்கும் கடமையும் சேர்ந்தே நின்றது. இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

காலம் சென்றது. தினைப்புனங்களோடு நெல்வயல்களும் பெருகின. பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இருமருங்கும் அணைகளும் கால்வாய்களும் எழுந்தன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளின் நீரால் காரும் பிசானமும் ஆகிய இரு போகங்கள் விளைந்தன. ஆற்றின் தலைமாட்டில் உள்ள வயல்கள் காட்டைத் தொட்டுக்கொண்டே கிடந்தன. நீர் முதலிற் பாய்வதும் அவ்வயல்களுக்கே. பன்றி முதலிற் பாய்வதும் அவ்வயல்களுக்கே.

அக்காலத்தில் பன்றி வேட்டை அரசரின் வீரவிளையாட்டு. பாண்டிய மன்னன் ஒருவன் வேட்டையாடுகையில் பன்றியும் அதன் பெடையும் மாண்டன என்றும், தாயை இழந்த பன்னிரண்டு குருளைகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டினார் என்றும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. புராணத்தை வரலாறாகக் கொள்ள வேண்டா. ஆனால் அதனைக் கேட்டு வளர்ந்த மக்களின் மனப்பாங்கை அது காட்டுகின்றது. வேட்டையைக் குற்றமென்று அவர்கள் கூறவில்லை. வேட்டைக்குப் பின்னர் எஞ்சிய குட்டிகளை மறக்கவும் அவர்களால் இயலவில்லை.

இனி, குத்தகையின் கதைக்கு வருவோம். மணிமுத்தாற்றின் மேற்புறத்து மலைக்காடு சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மருக்கு உதவி புரிந்தமைக்குப் பரிசாக அக்காடு கிடைத்தது என்பது அந்த ஜமீனின் மரபு. 1929ஆம் ஆண்டில் அக்காட்டின் ஒரு பகுதி, ஏறத்தாழ 8,373 ஏக்கர், பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. மாஞ்சோலை முதலிய தேயிலைத் தோட்டங்கள் அவ்வாறு தோன்றின. 1948ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஜமீன்கள் ஒழிந்தன. காடு அரசின் கைக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. அதன் காலம் 2028இல் முடிகின்றது. குத்தகைச் சீட்டு ஏக்கரையும் ஆண்டையும் எழுதும்; காடு மாறும்பொழுது காட்டு விலங்கு எங்கே செல்லும், கீழே உள்ள வயலை யார் காப்பது என்பதை எந்தச் சீட்டும் எழுதுவதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டையும் ஓர் உரிமைப் பொருளாயிற்று. 1879இல் நீலகிரிக்கென ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காட்டெருமை, கடமான், வரையாடு, எல்லா வகை மான்கள், முயல், காட்டுக்கோழி ஆகியவை அதன் பாதுகாப்பைப் பெற்றன. பன்றிக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. மானைக் காத்தது மானுக்காக அன்று. அடுத்த ஆண்டு சுடுவதற்கு மான் இருக்க வேண்டும் என்பதற்காக. பன்றியோ, வட இந்தியச் சமவெளிகளில் குதிரை மீதிருந்து ஈட்டியாற் குத்தும் கேளிக்கைக்கு உரியதாயிற்று. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1889இல் அவ்வேட்டையைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். நம் பக்கத்து மேடுபள்ளங்களில் அத்தகைய குதிரை வேட்டைக்கு இடமில்லை.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவைப்பட்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் ஒதுக்குக் காடுகள் வகுக்கப்பட்டு, அவற்றினுள் வேட்டை கட்டுக்குள் வந்தது. இவற்றால் தீமையே விளைந்தது என்று நான் சொல்லேன். காடுகள் எஞ்சியிருப்பதற்கு அச்சட்டமும் ஒரு காரணம். காடு எஞ்சியிருப்பதனாலேயே பொருநையில் கோடையிலும் நீர் ஓடுகின்றது. ஆனால் அன்று முதல் ஒரு பிரிவினை நிலைபெற்றது. விலங்கைப் பற்றி முடிவு செய்பவர் ஒருவர். அதனால் உறக்கம் இழப்பவர் மற்றொருவர். இடையில் உழவனுக்குக் கிடைத்தது பயிர்ப் பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கி உரிமம் மட்டுமே. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அந்த உரிமத்துக்கு இடம் வைத்தது.

விடுதலைக்குப் பின்னர் விலங்குகளைப் பற்றிய எண்ணம் மாறியது. 1962இல் முண்டந்துறையிலும் 1976இல் களக்காட்டிலும் சரணாலயங்கள் அமைந்தன. 1988இல் இரண்டும் இணைந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்தில் காட்டுப்பன்றி மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் இரண்டாம் அட்டவணைக்கு மாறியது. புலி வாழ வேண்டுமானால் அதற்கு இரை வேண்டும். புள்ளிமானும், மிளா என நம் ஊரார் அழைக்கும் கடமானும், காட்டுப்பன்றியும் அவ்விரையில் அடங்கும். ஆகவே காட்டினுள் வாழும் பன்றி நாட்டுக்கு வேண்டிய விலங்கே.

தொல்லை காட்டின் விளிம்பில் தொடங்குகின்றது. தாய்ப்பன்றி ஏறத்தாழ நான்கு திங்களிற் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். காட்டினுள் புலியும் சிறுத்தையும் செந்நாயும் அவற்றைக் குறைக்கும். விளிம்பிலோ, பகைவிலங்கு குறைவு. கிழங்கும் கடலையும் வாழையும் மக்காச்சோளமும் மிகுதி. காட்டுக்கு வெகு தொலைவில், குளங்களிலும் ஓடைகளிலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் புதர்கள் அவற்றுக்குப் பகற்பொழுதின் மறைவிடமாயின. கோவில்பட்டி, விளாத்திகுளம் முதலிய கரிசற்காட்டு ஊர்களிலும் மக்காச்சோளம் பயிரிடுவோர் பன்றியாற் பெரும் இழப்புக்கு ஆளாவது இதனாலேயே. மலையில் உள்ள காணி மக்களும் இத்துன்பத்திற்கு விலக்கல்லர். அவர்கள் நம்பியிருக்கும் மரவள்ளிக் கிழங்கு பன்றிக்கும் விருப்பமான உணவு.

"எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர்களும் அவ்வாறே கேட்டார்கள். இதற்கு விடை காண, சற்றுக் கடல் கடந்து அமெரிக்க நாட்டுக்குச் செல்வோம். அந்நாட்டில் பன்றி இயற்கையாக வாழ்ந்ததில்லை. 1539இல் ஃபுளோரிடாவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி டி சோட்டோ உணவுக்காகப் பன்றிகளை ஓட்டிச் சென்றார். 1912இல் வட கரோலினாவின் மலைப்பகுதியில் வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் கொண்டுவந்து அடைக்கப்பட்டன; அவை வேலியைக் கடந்து வெளியேறின. இன்று அந்நாட்டில் பல இலட்சக்கணக்கான பன்றிகள் திரிகின்றன. டெக்சஸ் மாநிலத்தில் மான் வேட்டைக்கென நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது பெருவழக்கு. மானை ஈர்க்க வேட்டைக்காரர் மக்காச்சோளம் இறைத்து வைப்பர். அதனைப் பன்றிகள் தின்று பெருகும். 2011இல் அம்மாநிலம் ஹெலிகாப்டரிலிருந்து பன்றிகளைச் சுடவும் சட்டம் இயற்றியது. பன்றிகள் ஒழிந்துவிடவில்லை.

டென்னசி மாநிலத்தின் அனுபவம் இன்னும் சிந்திக்கத்தக்கது. 1999இல் அங்கே மாநிலம் முழுவதும் பன்றிகளை அளவின்றி வேட்டையாட இசைவு தரப்பட்டது. பன்றிகள் குறையும் என்று எதிர்பார்த்தனர்; அவை புதிய இடங்களிலும் தோன்றின. காரணம் என்ன? வேட்டையில் இன்பம் கண்ட சிலர், தம் ஊருக்கு அருகிலும் வேட்டை வேண்டுமென்று பன்றிகளைக் கொண்டுபோய் விட்டுவந்தனர். 2011இல் அம்மாநிலம் தன் கொள்கையை மாற்றி, பன்றியை வேட்டை விலங்கு என்னும் வரிசையிலிருந்தே நீக்கியது. துப்பாக்கி விளையாட்டாகும் இடத்தில் இலக்கு அழிவதை எவரும் விரும்புவதில்லை. மேலும், கூட்டத்தில் ஒன்றிரண்டைச் சுட்டால் எஞ்சியவை சிதறி, அச்சம் கற்று, வேறு நிலங்களுக்குப் பரவும். கூட்டம் முழுவதையும் பொறுமையுடன் ஒரே பட்டியில் அடைத்துப் பிடிப்பதே பயன் தருவது என்று அங்குள்ளோர் கண்டறிந்தனர்.

நம் நாட்டிலோ பன்றி வந்தேறி அன்று, மண்ணின் விலங்கு. ஆகவே அதனை ஒழிப்பது நம் நோக்கமாக இருத்தல் இயலாது. தொல்லை மிகும் இடத்திற் குறைப்பதற்குச் சட்டத்திலேயே வழியுண்டு. 2015இல் பீகாரின் சில மாவட்டங்களிலும், 2016இல் உத்தராகண்டிலும், காட்டுப்பன்றியைக் குறித்த காலத்துக்குத் தீங்கு தரும் விலங்கென மத்திய அரசு அறிவித்தது. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில், 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இசைவளிக்கும் அதிகாரம் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அதன்படி, ஒதுக்குக் காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அதனைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், முறையான ஆய்வுக்குப் பின், பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளரே சுடலாம். அடிவாரத்து ஊர்கள் பலவும் முதல் இரண்டு எல்லைகளுக்குள் அடங்குவன. ஆகவே அவ்வூர்களுக்குக் காவலே வழி. காவலைக் கைவிட முடியாது.

இங்கேதான் மலைபடுகடாம் மீண்டும் நம் நினைவுக்கு வரவேண்டும். காவல் காத்துச் சலித்தவர்களில் சிலர் குறுக்குவழியை நாடினர். மின்கம்பியிலிருந்து நேரே மின்சாரத்தை இழுத்து வேலியில் பாய்ச்சினர். வேறு சிலர் அவுட்டுக்காய் என்னும் வெடிகளை இரைக்குள் பொதிந்து வைத்தனர். 2020இல் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சூல்கொண்ட யானையொன்று இத்தகைய வெடியால் வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே மாண்டது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டத்திற்கு மாறாக அமைத்த மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் உயிர்தப்பித் தாயின் உடல்களைச் சுற்றி நின்றன. அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகள் வந்தன. இத்தகைய திருட்டு மின்வேலிகளில் மனிதர்களும் மாண்டிருக்கின்றனர். வேலியை அமைத்தவரே மாண்டதும் உண்டு. பன்னிரண்டு திருமுறை படித்தவனாயினும், இரவில் கால் வைக்கும்போது கம்பி அவனை அறியாது.

என் மாணவனின் தந்தை பெரிதும் படித்தவர் அல்லர். அந்தத் தை மாத இரவில், பரணின்மேல், நான் அவரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, பக்கத்துத் தோட்டங்களிற் கம்பி கட்டுகிறார்களாமே, நீங்கள் ஏன் கட்டவில்லை?" அவர் கயிற்றை ஒரு முறை இழுத்துவிட்டுச் சொன்னார்: "கட்டலாம், சார். ஒரே ராத்திரியில் தீர்ந்துபோகும். ஆனா காலையில தண்ணி பாய்ச்ச வாரது பன்னியா, இவனா என்று கம்பிக்குத் தெரியுமா?" மடியிற் படுத்துக்கிடந்த மகனின் தலையை அவர் தடவினார். மலைபடுகடாத்தை அவர் படித்ததில்லை. அதன் பொருளை அவரிடமிருந்தே நான் கற்றேன்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வல்லுநரும் உழவரும் ஒத்துக்கொள்ளும் சில வழிகள் உண்டு. உயிரைப் பறிக்காது, விட்டுவிட்டு அதிர்ச்சி மட்டும் தரும் சூரிய மின்வேலியை விதிப்படி அமைக்கலாம். ஒருவர் தோட்டத்தை மட்டும் சுற்றாமல், பலர் சேர்ந்து காட்டை நோக்கிய பக்கம் முழுவதும் அமைத்தால் செலவு குறையும். குளங்களிலும் ஓடைகளிலும் உள்ள சீமைக்கருவேலத்தை நீக்கிப் பன்றியின் மறைவிடத்தைக் குறைக்கலாம். பக்கத்து நிலங்களில் ஒரே பருவத்தில் விதைத்து ஒரே பருவத்தில் அறுத்தால் காவற்காலம் சுருங்கும். இழப்பு நேர்ந்தால் அரசின் நிவாரணம் அடுத்த விதைப்புக்கு முன்னரே கைக்கு வரவேண்டும். விலங்கைக் காப்பது நாடு முழுவதன் விருப்பம் எனில், அதன் விலையை அடிவாரத்துச் சிறுவன் ஒருவன் தன் உறக்கத்தால் மட்டும் செலுத்துவது முறையாகாது.

அந்த மாணவன் இன்று நடுவயதினன். தந்தையின் நிலத்தில் வாழை பயிரிடுகிறான். சென்ற ஆண்டு நான் அவ்வூருக்குச் சென்றிருந்தேன். ஊரார் சிலர் கூடிச் சூரிய மின்வேலி அமைத்திருக்கின்றனர். பழைய பரணின் கால்கள் இரண்டு மட்டும் நிலத்தில் நின்றன. அவனுடைய மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். இரவில் நன்றாக உறங்குகிறாள். எனக்கு மிக்க மகிழ்ச்சி. "பன்றித் தொல்லை தீர்ந்ததா?" என்று கேட்டேன். அவன் சற்றுத் தயங்கி, வேலி முடியும் இடத்தைக் கைகாட்டினான். "நம்ம பக்கம் வரதில்லை, சார். அந்த ஊருக்குப் போகுது" என்றான்.

அந்த ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கின்றது. அங்கே முதற்பாடவேளையில் எந்தப் பிள்ளையின் தலை மேசையிற் சாய்கின்றதோ, நான் அறியேன். மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பில் யாரேனும் உறங்கினால், சிரிப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். அந்த வேலி இன்னும் எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதை அந்த விடை உங்களுக்குச் சொல்லும்.